மீன்கண் லென்ஸா, நேர்கோட்டு அல்ட்ரா வைடா? சிங்கப்பூர்ப் படப்பிடிப்பாளர்களின் கேள்விகளும் பதில்களும்

அகலமாகக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கலாம் என்று நினைக்கும் நண்பர்கள் வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு விதமாகச் சொல்லாத இடங்களில் எண்கள் எல்லாம் 36×24 மி.மீ. முழுச்சட்ட சென்சாருக்கானவை. நேர்கோட்டு அல்ட்ரா வைடை இனி அல்ட்ரா வைட் என்றே குறிப்பிடுகிறேன்.

இரண்டும் அகலமாகக் காட்டுபவைதானே? எங்கே வேறுபடுகின்றன?

வெளியே நேராக இருக்கும் கோட்டை அல்ட்ரா வைட் படத்திலும் நேராகவே வைக்கும். அடுக்குமாடி புளோக்கின் தூண், தாழ்வாரக் கைப்பிடி, ஜன்னல் சட்டம் எதுவும் வளையாது. மீன்கண் லென்ஸ் அப்படி எந்த உறுதியும் தருவதில்லை. படத்தின் மையத்தைத் தொடாமல் செல்லும் கோடுகளை வெளிப்பக்கமாக வளைத்துவிடும். அதற்கு ஈடாக 180 பாகைப் பார்வையைத் தரும். சில லென்ஸ்கள் அதையும் தாண்டும்.

நேர்கோட்டு முறையால் 180 பாகையை எட்டவே முடியாது. ஒளி எவ்வளவு சாய்வாக வருகிறதோ, அந்தக் கோணத்தின் டேஞ்சன்ட் அளவுக்கு அது மையத்திலிருந்து தள்ளி விழ வேண்டும். 90 பாகைக்கு டேஞ்சன்ட் முடிவிலி. அவ்வளவு பெரிய சென்சாருக்கு எங்கே போவது? 14 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸின் மூலைவிட்டப் பார்வை சுமார் 114 பாகை, 12 மி.மீ. என்றால் 122, 10 மி.மீ. என்றால் 130. நான்கு மில்லிமீட்டர் குறைத்தும் கிடைப்பது 16 பாகைதான். அந்தப் பதினாறுக்காக லென்ஸின் விலையும் சிக்கலும் எவ்வளவு ஏறுகின்றன என்பதைக் கடை விலைப்பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம்.

உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்க வேண்டிய நிலப்பட வரைஞர்களுக்கும் இதே தலைவலிதான். பல மீன்கண் லென்ஸ்கள் பின்பற்றும் சமபரப்பு முறை, கணித அறிஞர் லாம்பர்ட் 1772இல் நிலப்படத்துக்கென்று வகுத்த சமபரப்பு முறையின் அதே கணக்கு. பொருள்களின் பரப்பு விகிதம் மாறாது, வடிவம் கொஞ்சம் நசுங்கும். சாம்யாங்கின் 8 மி.மீ. போன்ற சில லென்ஸ்கள் வேறொரு முறையைப் பின்பற்றி, சிறு பொருள்களின் வடிவத்தைக் காப்பாற்றிவிட்டு ஓரத்தில் அளவைப் பெரிதாக்குகின்றன. எதையும் இழக்காத முறை என்று ஒன்று கிடையாது. உங்கள் படத்தில் எது கெட்டால் பரவாயில்லை என்று முடிவு செய்துகொண்டு லென்ஸைத் தேடுங்கள்.

இரண்டிலும் 15 மி.மீ. என்றே எழுதியிருக்கிறது. பிறகு ஏன் வேறு வேறு அகலம்?

குவியத் தூரம் மையப் பகுதியின் உருப்பெருக்கத்தைத்தான் சொல்கிறது. மையத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். 15 மி.மீ. நேர்கோட்டு லென்ஸ் பக்கவாட்டில் சுமார் 100 பாகையும் மேல்கீழாக 77 பாகையும் காட்டும். சமபரப்பு முறையில் அமைந்த 15 மி.மீ. மீன்கண் சுமார் 147 பாகையும் 94 பாகையும் காட்டும். பெட்டியில் பெரிதாக அச்சிடும் 180 பாகை, மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளந்தது.

தீபாவளிக்கு எல்லாரையும் வரவேற்பறையில் நிறுத்தி எடுத்தேன். ஓரத்தில் நின்ற பெரியம்மா மட்டும் அகன்று பருத்துத் தெரிகிறார். லென்ஸில் பழுதா?

பழுதில்லை. லென்ஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததன் விளைவுதான் அது. சென்சாருக்கு இணையாக நிற்கும் தட்டையான பொருள், ஒரு சுவர்ப்படம் என்று வைத்துக்கொள்வோம், அல்ட்ரா வைடின் ஓரத்திலும் வடிவம் மாறாது. தலை தட்டையானதல்ல. உருண்டைப் பொருள் எதுவாக இருந்தாலும் மையத்திலிருந்து வெளிநோக்கி இழுபடும். இழுபடும் விகிதத்தைக் கணக்கிடலாம். 35 மி.மீ. லென்ஸின் இடவல ஓரத்தில் ஒரு முகம் தன் உயரத்தோடு ஒப்பிட 1.12 மடங்கு அகலமாகும். 24 மி.மீ. என்றால் 1.25 மடங்கு, 16 மி.மீ. என்றால் 1.5 மடங்கு, 14 மி.மீ. என்றால் 1.63 மடங்கு. மூலைக்கே போய்விட்டால் 14 மி.மீ.இல் 1.84 மடங்கு. பெரியம்மாவிடம் இந்தக் கணக்கை விளக்கிப் பயனில்லை, படத்தை அழித்துவிடுங்கள்.

பலர் எதிர்பார்க்காத செய்தி ஒன்று உண்டு. ஓரத்தில் நிற்பவரின் முகத்துக்கு மீன்கண் லென்ஸ் இதைவிட இரக்கம் காட்டும். 14 மி.மீ. அல்ட்ரா வைட் 1.63 மடங்கு இழுக்கும் அதே கோணத்தில், சமபரப்பு மீன்கண் முகத்தைச் சுமார் 20 விழுக்காடு ஒடுக்கித்தான் காட்டும். பெரியம்மா மெலிந்திருப்பார். பின்னாலுள்ள கதவும் தரைக்கல்லும் வளையும், ஆனால் குடும்பப் படத்தில் தரைக்கல்லை யார் பார்க்கப்போகிறார்கள்?

மீன்கண்ணில் எடுப்பதானால் ஆள்களை நேர்வரிசையில் நிறுத்தாதீர்கள். இரு முனைகளும் சிறுத்து வளைந்துவிடும். கேமராவைச் சுற்றி வில் போல நிற்கட்டும், எல்லாரும் ஒரே தூரத்தில் இருக்கும்படி. அல்ட்ரா வைடில் எடுப்பதானால் நேர்வரிசையே சரி, ஓரங்களில் ஒல்லியான பதின்ம வயதுப் பையன்களை நிறுத்துங்கள். டிஎக்ஸ்ஓ வியூபாயிண்ட் போன்ற மென்பொருள் முகத்தின் இழுப்பைக் குறைக்கும், அதற்கு விலையாகச் சுவரை வளைக்கும்.

இவை எல்லாவற்றையும்விட எளிய வழி பின்னால் நகர்வது. நாலறை வீட்டில் எங்கே நகர்வது என்று கேட்பீர்கள். வாசற்கதவையும் இரும்புக் கதவையும் திறந்துவிட்டுப் பொதுத் தாழ்வாரத்தில் போய் நில்லுங்கள். கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஒன்றிரண்டு மீட்டரில் 24 மி.மீ. அல்லது 28 மி.மீ. போதுமானதாகிவிடும்.

நேர்கோட்டு லென்ஸ் என்று சொல்கிறீர்கள். நான் எடுத்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் பின்னால் சரிகிறதே?

கோடுகள் நேராகத்தான் இருக்கின்றன, ஒன்றை நோக்கி ஒன்று சாய்கின்றன. அது லென்ஸால் நேர்வதன்று, நீங்கள் கேமராவை அண்ணாந்து பிடித்ததால் நேர்வது. சென்சார் கட்டடத்துக்கு இணையாக நின்றால் எந்த நேர்கோட்டு லென்ஸிலும் செங்குத்துக் கோடுகள் இணையாகவே இருக்கும். அகலமான லென்ஸில் சிறு சாய்வும் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

வழிகள் பல. கேமராவை மட்டமாகப் பிடித்து, கீழே விழும் வெறுந்தரையைப் பிறகு வெட்டிவிடலாம். இதற்குத்தான் 12 அல்லது 14 மி.மீ.இன் அகலம் உண்மையிலேயே உதவுகிறது. கேனன் 17 மி.மீ., நிக்கான் 19 மி.மீ. போன்ற ஷிஃப்ட் லென்ஸ்கள், அதாவது கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்த விடுபவை, இதற்கென்றே உள்ளவை, விலை கட்டடக்கலைப் படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கே கட்டுப்படியாகும். சிங்கப்பூரில் எனக்குப் பிடித்த வழி எதிர்ப் புளோக்கின் நடுமாடிக்கு மின்தூக்கியில் ஏறிவிடுவது. கட்டடத்தின் பாதி உயரத்திலிருந்து எடுக்கும்போது அண்ணாந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. தாழ்வாரம் பலர் குடியிருக்கும் இடம் என்பதை மனத்தில் வைத்து, வேலையை முடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிவிடுங்கள்.

ஹில் ஸ்திரீட்டின் பழைய காவல் நிலையத்தில் 927 ஜன்னல்கள், அத்தனையும் வண்ணம் பூசியவை. அந்தச் சட்டங்களின் ஒழுங்குதான் அங்கே படம். அதை மீன்கண்ணில் எடுப்பவரைத் தடுக்க மாட்டேன், பாராட்டவும் மாட்டேன்.

மீன்கண் படத்தில் நேர்கோடு என்பதே வராதா?

வரும். இதைத் தெரிந்துகொண்டவர்தான் மீன்கண் லென்ஸை ஆளத் தொடங்குகிறார். படத்தின் மையத்தின் வழியாகச் செல்லும் எந்தக் கோடும் வளையாது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் அடிவானத்தைச் சரியாக நடுவில் வைத்துப் பாருங்கள், கடல் நேராக நிற்கும். கேமராவைச் சற்று மேலே தூக்கினால் அதே அடிவானம் கிண்ணத்தின் அடி போலக் குழியும், கீழே தாழ்த்தினால் மேடாகும்.

லென்ஸைச் செங்குத்தாக வானத்தை நோக்கித் திருப்பினால் கிடைப்பது இன்னும் சுவையானது. அப்போது நிலத்தில் செங்குத்தாக நிற்கும் எல்லாமே மையத்தை நோக்கி ஓடும் கோடுகளாகிவிடும், ஆகவே அவை எதுவும் வளையாது. கரையோரப் பூந்தோட்டத்தின் சூப்பர்ட்ரீ மரங்களுக்கு நடுவே மல்லாந்து படுத்து எடுத்தால், 25 முதல் 50 மீட்டர் உயரமுள்ள அந்தத் தண்டுகள் சுற்றிலுமிருந்து வானத்தின் நடுப்புள்ளிக்கு நேராகப் பாயும். விரிந்த கிளைகள் மட்டும் வளைந்து ஒன்றையொன்று தழுவும். இரவு 7.45க்கும் 8.45க்கும் நடக்கும் ஒளிக்காட்சியின்போது எப்படியும் பாதிக் கூட்டம் தரையில் படுத்திருக்கும், உங்களை யாரும் விநோதமாகப் பார்க்கப்போவதில்லை.

உயர்ந்த புளோக்குகள் சூழ்ந்த முற்றங்களிலும் இதே உத்தி பலிக்கும்: கட்டட விளிம்புகள் நேராக மேலே போகும், மாடித் தளங்கள் வளையும். அல்ட்ரா வைடில் எடுத்தால் தளங்களும் நேராக நிற்கும், ஆனால் நான்கு பக்கமும் சட்டகத்துக்குள் வராது. ஃபோர்ட் கேனிங் சுரங்கப்பாதைச் சுழல்படிக்கு மீன்கண் அவசியமே இல்லை. அங்கே நடுத்துளை சிறியது, 14 அல்லது 16 மி.மீ. போதும். வரிசையில் நிற்கும்போதே அமைப்புகளை முடித்துக்கொள்ளுங்கள், பின்னால் திருமண ஜோடிகள் காத்திருப்பார்கள்.

கோயிலில் எதைப் பயன்படுத்துவது?

எந்தப் பகுதியை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் தோன்றியது. அதன் கோபுரத்தை வாசலில் நின்று அல்ட்ரா வைடால் அண்ணாந்து எடுப்பவர்களைத் தினமும் பார்க்கலாம். கோபுரம் இயல்பிலேயே மேலே குறுகிச் செல்வது. அண்ணாந்து பிடித்தால் அந்தக் குறுகல் மிகையாகிக் கலசங்கள் கண்ணுக்கே தெரியாமல் சிறுத்துவிடும். சாலைக்கு எதிர்ப்பக்கம் போய் 35 அல்லது 50 மி.மீ. லென்ஸில் எடுங்கள். தூண் மண்டபத்துக்கு அல்ட்ரா வைட். விதானத்து ஓவியங்களுக்குக் கீழே நின்று மேல்நோக்கி எடுக்க மீன்கண் அழகாக இருக்கும். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது. முக்காலி வைப்பதானால் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

தைப்பூசத்துக்கு வருவோம். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குச் செல்லும் ஊர்வலத்தில், காவடி எடுப்பவரின் உடலைச் சுற்றி வேல்கம்பிகள் கதிர்கதிராக விரிந்திருக்கும். அவர் மார்பைப் படத்தின் நடுவில் வைத்தால், மேலே சொன்ன அதே காரணத்தால், கம்பிகள் நேராகவே விரியும். சுற்றியுள்ள கூட்டமும் தெருவும் மட்டும் வளைந்து அவரை நடுவில் ஏந்தியிருக்கும். மீன்கண் லென்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி இந்த ஊரில் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் இந்த லென்ஸில் ஆள் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் மிக அருகே போக வேண்டும். துருத்திய முன்கண்ணாடியோடு காவடிக் கம்பிகளுக்கு அருகே போவது உங்களுக்கும் நல்லதன்று, நோன்பிருந்து அலகு குத்தி வருபவருக்கும் நல்லதன்று. ஊர்வலம் நிற்கும் இடங்களில், உடன் வருபவர்களிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள். அவர்கள் தலையசைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

மீன்கண் படத்தை மென்பொருளால் நேராக்கிவிடலாமே. எதற்கு இரண்டு லென்ஸ்?

நேராக்கலாம், கொஞ்சம் இழப்போடு. சமபரப்பு மீன்கண் படத்தை நேர்கோட்டு முறைக்கு மாற்றும்போது, மையத்திலிருந்து 60 பாகை தள்ளியுள்ள பகுதி வெளிநோக்கிச் சுமார் நாலரை மடங்கு இழுக்கப்படுகிறது. அங்கே விவரம் எப்படி மிஞ்சும்? மூலைகளை வெட்டித்தான் ஆக வேண்டும். மிஞ்சுவது ஒரு சுமாரான அல்ட்ரா வைட் படம். சமூக ஊடகத்துக்குப் போதும், பெரிதாக அச்சிட ஆகாது.

ஆனால் முழுக்க நேராக்கியே தீர வேண்டுமா என்ன? இடைப்பட்ட முறைகள் இருக்கின்றன. ஹியூஜின் என்ற இலவச மென்பொருளில் பனீனி முறை உண்டு, ரோம் நகரின் பெரும் உட்புறங்களைத் தீட்டிய 18ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியரின் பெயரைத் தாங்கியது. செங்குத்துக் கோடுகளையும் மையத்தை நோக்கி ஓடும் கோடுகளையும் நேராக வைத்து, குறுக்குக் கோடுகளை மட்டும் மெல்ல வளைக்கும். ஓரத்து ஆள்களும் கெடமாட்டார்கள். தேக்கா சந்தை போல ஆள்களும் தூண்களும் சேர்ந்து வரும் இடங்களுக்கு இது மிகப் பொருந்தும்.

எதிர்த்திசையில் இந்த வசதி இல்லை. அல்ட்ரா வைட் படத்தை மீன்கண் போல வளைக்கலாம், லென்ஸ் பார்க்காத பகுதியை வரவழைக்க முடியாது.

கைபேசியில் 0.5 என்று இருப்பது எந்த வகை?

நேர்கோட்டு வகை. ஐபோனில் 2019இல் 11ஆம் வரிசையோடு வந்த அகல லென்ஸ் 13 மி.மீ.க்கு ஈடானது, 120 பாகை காட்டுவது. பெரியம்மா பிரச்சினை அதற்கும் உண்டு. உங்களுக்கு இந்த அகலம் பிடிக்குமா என்று அறிய முதலில் ஒரு மாதம் அதிலேயே எடுத்துப் பாருங்கள், செலவில்லை.

வட்டமாகப் படம் தரும் மீன்கண் யாருக்கு?

வானிலை ஆய்வாளர்களுக்கு. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. மேகங்களைப் பதிவு செய்ய பிரிட்டிஷ் அறிவியலாளர் ராபின் ஹில் 1924இல் அறிமுகப்படுத்திய லென்ஸ்தான் இந்த வகையின் தொடக்க காலச் சாதனைகளில் ஒன்று. வானம் முழுவதும் ஒரே வட்டத்துக்குள் வந்துவிடும். நூறாண்டு கழித்தும் வேலை மாறவில்லை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மேகங்களைக் கண்காணிக்க உருவாக்கிய வானப் படக்கருவியிலும் மீன்கண் லென்ஸ்தான் இருக்கிறது. காட்டில் மர விதானத்தின் அடர்த்தியை அளப்பவர்களும் இதையே பயன்படுத்துகிறார்கள். 360 பாகைக் கேமராக்களில் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு மீன்கண்கள் இருக்கும். நிக்கானின் 6 மி.மீ. லென்ஸ் 220 பாகை பார்க்கும், அதாவது தனக்குப் பின்னாலும் கொஞ்சம். எடை 5 கிலோவுக்கு மேல்.

மற்றவர்களுக்கு வட்டப் படத்தின் மேல் உள்ள மோகம் சீக்கிரம் வடிந்துவிடும். சட்டகத்தை நிறைக்கும் மூலைவிட்ட மீன்கண்ணே நெடுநாள் பயன்படும்.

ஃபில்டர் மாட்டலாமா?

மீன்கண்ணின் முன்பக்கம் முடியாது. சிலவற்றில் பின்பக்கம் மெல்லிய தாள் ஃபில்டர் செருகும் இடம் உண்டு. அல்ட்ரா வைடில் லென்ஸுக்கு லென்ஸ் மாறும். வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் போலரைசர் ஃபில்டர் மட்டும் வேண்டாம், வானத்தின் ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளுத்திருக்கும்.

நம் ஊர் ஈரப்பதத்தில் இவற்றைப் பாதுகாப்பது எப்படி?

பூஞ்சை எந்த லென்ஸையும் விடுவதில்லை. மீன்கண்ணுக்குக் கூடுதல் ஆபத்து, அது மாதக்கணக்கில் அலமாரியில் தூங்கும் லென்ஸ் என்பதுதான். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் காக்கும் உலர்பெட்டி ஒன்று கட்டாயம். பெருவிரைவு ரயிலின் குளிரிலிருந்து வெளியே வந்ததும் அகன்ற முன்கண்ணாடி பனிபூத்துவிடும். காற்றுப்புகாத பையில் போட்டுவைத்து, வெப்பநிலை சமமானபின் வெளியே எடுங்கள். துடைப்பதற்கு முன் தூசியை ஊதிவிடுங்கள். அந்தக் குமிழில் விழும் கீறலைத் தடுக்க ஃபில்டர் கிடையாது.

வீடு விற்கும் விளம்பரப் படங்களுக்கு?

16 முதல் 24 மி.மீ. வரை போதும். 12 மி.மீ.இல் படுக்கையறை பந்து விளையாடும் திடல் போலத் தெரியும், பார்க்க வருபவர் வாசலிலேயே முகம் சுளிப்பார். மீன்கண் கூடவே கூடாது.

நீருக்கடியில்?

இங்கே மீன்கண்தான் முதலிடம். கலங்கிய நீரில் படத்தைக் கெடுப்பது உங்களுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள தண்ணீர். மிக அருகே போயும் முழுப் பவளத்திட்டையும் உள்ளடக்க மீன்கண்ணால் முடியும். கடலுக்குள் வளைந்து தெரிய நேர்கோடுகளும் இல்லை. புலாவ் ஹந்து தீவின் கலங்கல் நீரில் இதன் அருமை தெரியும்.

சரி, முதலில் எதை வாங்குவது?

கட்டடம், வீடு, பயணம், குடும்பம் என்று கலந்து எடுப்பவர் 16 மி.மீ.இல் தொடங்கும் ஜூம் ஒன்றை வாங்குங்கள். 14க்குக் கீழே அவசரப்பட்டு இறங்க வேண்டாம். அதற்குப் பிறகு, மலிவான கைக்குவிய மீன்கண் ஒன்று. தானியங்கிக் குவியம் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. 15 மி.மீ. லென்ஸின் ஒளித்துளையை எஃப்/8இல் வைத்து ஒரு மீட்டரில் குவித்துவிட்டால், அரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை கூர்மையாக இருக்கும், பிறகு அந்த வளையத்தைத் தொடவே வேண்டாம். பெனின்சுலா ஷாப்பிங் சென்டரின் பழைய கேமராக் கடைகளில் மீன்கண்கள் அதிகம் புழங்காத நிலையிலேயே கிடைக்கும், வாங்கியவர்கள் நாலு படம் எடுத்துவிட்டு விற்றுவிடுவதால். முன்கண்ணாடியைக் கைவிளக்கு வைத்துச் சாய்வாகப் பாருங்கள். ஒட்டடை போன்ற இழைகள் தெரிந்தால் எத்தனை வெள்ளி குறைத்தாலும் வேண்டாம்.

பறவை, விளையாட்டு, முகப்படம் மட்டும் எடுப்பவர் இரண்டையும் வாங்க வேண்டியதில்லை.

மீன்கண்ணில் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் என் காலோ நிழலோ வந்துவிடுகிறது. என்ன செய்வது?

கேமராவை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்காமல் கையை நீட்டிப் பிடியுங்கள். லென்ஸைக் கீழே சாய்க்காதீர்கள். முக்காலியின் ஒரு காலை முன்னால் வைக்காமல் உங்கள் பக்கம் திருப்பி வையுங்கள். தோள்வாரைக் கழற்றிவிடுங்கள், அதுவும் உள்ளே எட்டிப் பார்க்கும். நிழலுக்கு நண்பகல் உதவும்: பூமத்தியரேகைக்கு இவ்வளவு அருகில் அந்நேரத்து நிழல் உங்கள் காலடியிலேயே சுருண்டுவிடும். வெயில் மட்டும் உங்கள் பாடு.